அவர் வைத்த புள்ளி, நான் போட்ட டிக்

சூரியனில் ஒரு புள்ளி தெரிந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. அது யாருடைய புள்ளி என்று முதலில் பார்க்க வேண்டும். டெலஸ்கோப் கண்ணாடியில் ஒட்டிய பஞ்சாக இருக்கலாம். வெளிச்சம் விழுகிற அட்டையிலேயே இருக்கும் அழுக்காகவும் இருக்கலாம். பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊர்க் காற்றில் பஞ்சு எந்நேரமும் பறந்துகொண்டுதான் இருக்கும். துடைத்து வைத்த கண்ணாடியில் அரைமணி நேரத்தில் ஓர் இழை வந்து உட்கார்ந்துவிடும்.

அதனால் முதலில் அட்டையை அசைத்துப் பார்க்க வேண்டும். புள்ளி கூடவே வந்தால் அது அட்டையினுடையது. பிறகு கண்ணாடியைத் திருகிப் பார்க்க வேண்டும். சேர்ந்து சுற்றினால் கண்ணாடியினுடையது. அப்புறம் எதையும் தொடாமல் சும்மா நிற்க வேண்டும். சூரியன் தானாக நகர்ந்து இரண்டே நிமிடத்தில் தன் அகலம் முழுக்கத் தள்ளிப் போய்விடும். அதோடு சேர்ந்து நகர்கிற புள்ளிதான் சூரியனுடையது.

இதை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுத்தது எங்கள் தெருப் பக்கத்து அரசுப் பள்ளி அறிவியல் டீச்சர். எங்களைவிட இருபது வயது இளையவர், திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் இரண்டு பேரும் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். டீச்சர் சொன்னது மூன்று சோதனை. நாலாவதாக ஒன்று இருந்தது. டீச்சரை நான் குறை சொல்லவில்லை. அது எங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் செக்கிங்கிலேயே வயதைக் கழித்தவர்கள் நாங்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங். நிட்டிங் முடிந்து வரும் ரோலை, உள்ளே ட்யூப் லைட் எரியும் கண்ணாடிப் பலகை மேல் ஓடவிட்டு, ஓட்டை, ஆயில் கறை, ஊசி விட்ட கோடு எது தெரிந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. அதே கம்பெனியில் நான் பீஸ் செக்கிங். தைத்து வந்த டி-சர்ட்டை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்து அதே ஸ்டிக்கரை ஒட்டுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. சோற்றில் கல் கிடந்தால்கூட நீங்கள் ஸ்டிக்கர்தான் ஒட்டுவீர்கள் என்று கல்யாணமாகிப் போன எங்கள் மகள் இன்னமும் கேலி செய்வாள்.

செக்கிங் டேபிளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் ஒட்டிய ஸ்டிக்கரை இன்னொருத்தர் பிரிக்கக் கூடாது. நீ எத்தனை தரம் திருப்பிப் பார்த்தும் அந்த இடத்தில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் கூடாது. அவள் கண்ணுக்குப் பட்டது உன் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். பேசாமல், பழுதானதைப் போடும் ஆல்டர் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பீஸை எடுக்க வேண்டும். நல்ல பீஸ் நின்றுபோனால் ஒரு பீஸ்தான் போகும். கெட்ட பீஸ் கப்பல் ஏறினால் ஆர்டரே போய்விடும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே நான் சொல்லித் தருவது இதைத்தான். அதில் எனக்கு அப்படியொரு பெருமை. அந்தப் பெருமையில் மண் விழ.

அவருக்குச் சூரியப் பைத்தியம் பிடித்தது சில வருஷங்களுக்கு முன்னால் வந்த வளையச் சூரிய கிரகணத்தன்று. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடந்தது. இவர் மட்டும் பள்ளி மைதானத்துக்குப் போனார். அங்கே டீச்சர் டெலஸ்கோப் வழியாக ஒரு வெள்ளை அட்டை மேல் சூரியனை விழவைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாராம். எல்லாரும் வளையத்தைப் பார்க்க, இவர், “டீச்சருங்க, ஓரத்துல ஒரு கறை இருக்குதுங்க” என்று சொல்லியிருக்கிறார். புத்தி எங்கே போகும்? டீச்சர் சிரித்துவிட்டு, கண்ணாடியைத் திருகிக் காட்டி, அது பஞ்சு என்று சொன்னாராம். அப்போது சூரியன் சுத்தமாக இருந்த காலம். இன்னும் கொஞ்ச காலம் போனால் நிஜமாகவே கறை வரும், அப்போது வாருங்கள் அண்ணாச்சி என்றிருக்கிறார்.

இவர் அதுவரை காத்திருக்கவில்லை. டீச்சர் மூலமாகவே ஒரு பழைய சின்ன டெலஸ்கோப்பை வாங்கி மொட்டை மாடியில் வைத்தார். அட்டைக்கு எங்கும் அலையவில்லை. டி-சர்ட் மடிக்கும்போது உள்ளே வைப்பார்களே, அந்த வெள்ளை அட்டைதான். அதன் மேல் நோட்டைக் கிளிப் போட்டு, ஒரு சாண் வட்டம் போட்டு, சூரியன் அந்த வட்டத்துக்குள் சரியாக விழும்படி நிறுத்தி, தெரிகிற புள்ளியைப் பென்சிலால் வைக்க வேண்டும். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று டீச்சர் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் ஒரு நாள்கூட அதை மீறவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் வருஷம் வெறும் வட்டம்தான். தினமும் காலை ஏழரைக்கு மாடிக்குப் போவார், வெறும் வட்டத்தோடு இறங்கி வருவார். “தெனமும் நல்ல பீஸையே செக் பண்ணிக்கிட்டிருக்கறீங்க, சூப்பர்வைசர் சம்பளத்தப் புடிக்கப் போறாருங்க” என்று நான் சீண்டுவேன். அவருக்குக் கோபமே வராது. பிறகு மெதுவாகப் புள்ளிகள் வர ஆரம்பித்தன. ஒன்று, மூன்று என்று ஏறி, போன இரண்டு வருஷமாக வட்டம் முழுக்கப் புள்ளிதான்.

டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து விளக்கினார். சூரியனுக்கு உள்ளேயிருந்து காந்தம் கயிறு கயிறாக மேலே வருமாம். மேல்பரப்பைக் கிழித்துக்கொண்டு வரும் இடத்தில் சூடு கொஞ்சம் குறைந்துபோகும், அதனால்தான் அங்கே கறுப்பு. பெரிய புள்ளியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கரை இருக்கும். சின்னதுக்குக் கரை கிடையாது, வெறும் துளை மாதிரி இருக்கும். காலையில் வந்து சாயங்காலத்துக்குள் போய்விடுகிற துளைகூட உண்டு. “இதவிடச் சின்னதும் இருக்கு அண்ணாச்சி. ஒலை கொதிக்கிற மாதிரி சூரியன் மேல குமிழ் குமிழா இருக்கும். அந்தக் குமிழுக்கு நடுவுல இருக்க இடுக்குல சின்னச் சின்ன வெளிச்சமா மின்னும். அதுவும் காந்தந்தான். அதப் பாக்க ரொம்பப் பெரிய டெலஸ்கோப் வேணும்” என்று போனில் ஒரு படம் காட்டினார். இவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் போனைத் திருப்பியே தரவில்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சின்னதுதான் வேண்டும். பெரிய புள்ளியை வைத்துவிட்டு, “இத யாரு வேணாலும் பாப்பாங்க புள்ள” என்பார். பென்சிலைக் கூராகச் சீவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, துளைகளைத் தேடுவார். அந்தப் பென்சில் முனைப் புள்ளிக்குள் இந்தியாவையே வைத்து மூடிவிடலாம் என்று டீச்சர் சொன்னதை, கறிகாய்க்காரர் வரைக்கும் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறார்.

துணி செக்கிங்கில் இரண்டு கண் பார்த்தால்தான் கணக்கு. அதனால் என்னை இரண்டாவது செக்கர் ஆக்கினார். அவர் வரைந்து முடித்ததும் நான் குக்கரை இறக்கிவிட்டு மேலே வருவேன். அட்டை மேல் விழும் சூரியனையும் நோட்டையும் ஒவ்வொரு புள்ளியாக ஒத்துப் பார்த்து, பக்கத்தின் அடியில் ஒரு டிக் போடுவேன். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் அவசர அவசரமாகச் சட்னி அரைப்பேன்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. நோட்டில் ஒன்பது புள்ளி இருந்தது. எனக்கு எட்டுதான் தெரிந்தது. வட்டத்தின் நடுவே வைத்திருந்த ஒரு சின்னத் துளை, அட்டை மேல் எங்கேயும் இல்லை.

“இதுங்களா?” என்று விரலை வைத்துக் கேட்டேன்.

“அதேதான். திருகிப் பாத்துட்டேன். அட்டையவும் அசச்சுப் பாத்தாச்சு. பொழுதோட சேந்து போவுது பாரு, பொழுதோடதுதான்.”

சூரியனை அவர் பொழுது என்றுதான் சொல்வார். குனிந்து பார்த்தேன். என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தேன். சூரியன் நகர்ந்து வட்டத்தை விட்டுப் போனது. அந்த இடத்தில் ஒன்றும் போகவில்லை. தெரியலீங்க என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. எனக்கு அது வாயிலேயே வரவில்லை. அவர் ஒட்டிய ஸ்டிக்கர் அது. “ம்” என்று டிக் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

மறுநாளும் அப்படித்தான். அடுத்த வாரம் இரண்டு புள்ளி எனக்குத் தெரியவில்லை. சூரியன் சும்மா இருக்கிற காலமாக இருந்திருந்தால் வெறும் வட்டத்தில் அந்த ஒன்று பல்லைக் காட்டியிருக்கும். இது பதினைந்து புள்ளிக்கு நடுவே பதினாறாவது. எனக்குத்தான் வயதாகிவிட்டது, கண் மங்குகிறது என்று நினைத்தேன். அவருக்குக் கண்ணாடியே கிடையாது. ஐம்பத்தைந்து வயதிலும் ஊசிக்கு நூல் கோப்பார். அதனால் நான் கண்ணாடிக் கடைக்குப் போய் எனக்குக் கண்ணைச் சோதித்து, கனத்த கண்ணாடியாக மாற்றிக்கொண்டு வந்தேன். “கெழவி ஆயிட்டே புள்ள” என்று சிரித்தார். ஊரில் யாராவது இப்படிச் செய்வார்களா? போயிருக்க வேண்டியவரை வீட்டில் விட்டுவிட்டு நான் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தேன்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. எட்டு வருஷமாக மாத்திரை. வருஷத்துக்கு ஒரு தரம் கண்ணையும் காட்டிவிடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. வேலையே கண்ணை வைத்துத்தான், கெட்டுப்போனால் தெரியாதா என்று இருவருமே இருந்துவிட்டோம். கம்பெனியிலும் அந்த மாதங்களில் அவர் ஒட்டும் ஸ்டிக்கர் கூடிக்கொண்டே போனது. அண்ணன் கண்ணுக்கு எதுவுமே தப்பாது என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். யாரும் ஒரு ஸ்டிக்கரைக்கூடப் பிரிக்கவில்லை. பிரிக்கவே கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கம்பெனி அது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “வட்டத்துக்கு வெளிய ஒண்ணு நிக்குது புள்ள. வெள்ளிக் கெரகமோ புதன் கெரகமோ குறுக்க போவுதாட்டிருக்குது. டீச்சருக்குப் போன் போடு” என்றார். டீச்சர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அட்டையைப் பார்த்தார். திருகினார், அசைத்தார், நிமிர்ந்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே அண்ணாச்சி” என்றார்.

அவ்வளவுதான். ஏழு மாதம் என் தொண்டையில் கிடந்த வார்த்தையை அந்தப் பெண் வந்த இரண்டாவது நிமிடத்தில் சொல்லிவிட்டார். அவருக்கு எங்கள் டேபிள் வழக்கம் தெரியாது. “அக்கா, ஒங்களுக்குத் தெரியுதா?” என்று என்னிடம் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் என்ன நினைத்தாரோ, “அண்ணாச்சி, எடது கண்ண மூடிட்டுப் பாருங்க” என்றார்.

“இருக்குதுங்க டீச்சர். நூலாட்ட ஒண்ணு தொங்குது.”

“இப்ப வலது கண்ண மூடுங்க.”

இவர் மூடினார். அட்டையை உற்றுப் பார்த்தார். “இப்பக் காணோமுங்க” என்றார். பிறகு கையை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதுதான் டீச்சர் சொல்லாமல் விட்ட நாலாவது சோதனை. கண்ணில் இருக்கிற புள்ளி கண் போகிற பக்கமெல்லாம் போகும். நகர்கிற சூரியனைக் கண் தொடர்ந்து போனால் புள்ளியும் சூரியனோடுதான் போகும்.

மறுநாளே கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, பெரிய மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, லைட் அடித்துப் பார்த்தார்கள். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இரண்டு கண்ணிலும் பின்பக்கத் திரை கெட்டிருக்கிறது, வலது கண் ரொம்ப மோசம் என்றார் டாக்டர். பிறகு, “எத்தனை நாளா புள்ளி தெரியுது?” என்று கேட்டார்.

இவர் சட்டென்று பதில் சொன்னார். “ஆடியிலிருந்துங்க. ஆனா அது சூரியன்லயும் இருந்துச்சுங்க டாக்டர். எங்கூட்டுக்காரியும் பாத்தாளுங்க. தெனமும் டிக் போட்டிருக்கறா. கேளுங்க.”

என் பக்கம் திரும்பினார். மருந்து விட்டுக் கண்மணி விரிந்த கண். நான் எங்கே நிற்கிறேன் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. டாக்டரும் என்னைப் பார்த்தார்.

“நான் பாக்கலீங்க” என்றேன். “எனக்கு அது ஒரு நாளும் தெரியலீங்க.”

டாக்டர் என்னைத் திட்டவில்லை. தெரிய ஆரம்பித்ததுமே வந்திருந்தால் லேசரிலேயே நிறுத்திப் பார்த்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். பஸ் அவிநாசியைத் தாண்டியது. திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் உளிச் சத்தம் கேட்டபோதுதான் வாயைத் திறந்தார்.

“சொவத்துலயும் தெரிஞ்சுது புள்ள” என்றார். “துணியிலயும் தெரிஞ்சுது. எனக்கே சந்தேகந்தான். ஆனா நீ டிக் போட்டயில்ல. அப்பப் பொழுதுல நெசமாலுமே இருக்குது, அதையே பாத்துப் பாத்துக் கண்ணுல ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்.”

நான் அவர் கண்ணை நம்பி டிக் போட்டேன். அவர் என் டிக்கை நம்பிக் கண்ணைக் காட்டாமல் இருந்தார்.

“தெரியலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?”

“நீங்க ஒட்டினத நான் எப்புடீங்க பிரிக்கறது?” என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். அவர் கையை நீட்டி என் தோளைத் தேடினார். முதலில் சீட்டுக் கம்பிதான் கைக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஊசி, லேசர், ஆபரேஷன் எல்லாம் ஆனது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், பக்கத்தில் வந்தால் ஆள் தெரியும். வேலையை விட்டு நின்றார். அவர் ஒட்டிய ஸ்டிக்கர்களில் எத்தனை துணி வீணாக ஆல்டருக்குப் போனதோ, கம்பெனியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நல்ல மனுஷர்கள். சொந்தக்காரர்கள்தான் வந்து வந்து பேசினார்கள். பொழுதை உற்றுப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்று நாத்தனார் டெலஸ்கோப்பைத் தூக்கிக் குப்பையில் போடப் போனார். அட்டையில் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, இது சர்க்கரையால் வந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படியானால் ஏன் முன்னாலேயே காட்டவில்லை என்று கேள்வி வரும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். பழியைச் சூரியன் மேலேயே விழவிட்டேன். எனக்கு வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து பழக்கமே இல்லை.

ஒரு லீவு நாளில் நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். விண்ணிலிருந்து தினமும் சூரியனைப் படம் எடுக்கிறார்களாம். டீச்சரின் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நாள் படத்தையும் எடுத்து வைத்து நோட்டோடு ஒத்துப் பார்த்தோம். ஆடி மாதம் அந்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள் வரை என் வீட்டுக்காரர் வைத்த ஒவ்வொரு துளையும் படத்தில் இருந்தது. எவ்வளவு பொடியானதும் இருந்தது. ஒன்றைக்கூட விட்டிருக்கவில்லை. அப்படிப்பட்ட கண். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியாழக்கிழமையிலிருந்து படத்தில் இல்லாதவை வந்தன.

நான் கம்பெனியிலிருந்து ஒரு ஷீட் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கொண்டுபோயிருந்தேன். புள்ளிகள் மேல் ஒட்டவில்லை. அது அவர் கண்ணுக்குப் பட்டது, படாததை அவர் வைக்கவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக, அடியில் இருந்த என் டிக்குகள் மேல் ஒட்டினேன். ஒரு ஷீட் பத்தவில்லை.

இப்போதும் காலை ஏழரைக்கு இரண்டு பேரும் மாடிக்குப் போகிறோம். கையைப் பிடித்து நான்தான் ஏற்றுகிறேன். அட்டையை நான் நிறுத்துகிறேன், நானே வரைகிறேன். முதல் சில நாள் சும்மா உட்கார்ந்திருந்தவர் ஒரு நாள், “பக்கத்துல இன்னொரு வட்டம் போடு. எனக்குத் தெரியறதையும் போடு. டாக்டர்கிட்டக் காட்டலாமல்ல” என்றார். அதனால் பக்கத்துக்கு இரண்டு வட்டம். ஒன்று சூரியன். இன்னொன்று அவருடைய இடது கண். அந்தக் கண்ணிலும் இப்போது புள்ளி வர ஆரம்பித்திருக்கிறது.

அவர் என் விரலைப் பிடித்து அந்த வட்டத்தில் இடம் காட்டுவார். நான் புள்ளி வைப்பேன். வைத்து முடித்ததும் அட்டையில் விழும் சூரியன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தினமும் தவறாமல் கேட்பார்.

“ஏம்புள்ள, உனக்குத் தெரியுதா?”

“எனக்குத் தெரியலீங்க” என்கிறேன்.

சொல்ல ஒரு விநாடிகூட ஆவதில்லை.